பெர்க்மன் படம் வாங்குறதுக்கு முன்னாடி நிமிஷத்தைப் பாருங்க

சுவீடன் டைரக்டர் இங்மார் பெர்க்மனோட 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' ஒரு இடத்துல 3 மணி நேரம்னு இருக்கு, இன்னொரு இடத்துல 5 மணி நேரத்துக்கு மேலன்னு இருக்கு, ஆன்லைன்ல டிஸ்க் விக்கிற ஒருத்தர் "சின்னது சென்சார்ல வெட்டுனது, எங்கிட்ட இருக்குறதுதான் அன்கட்"னு ரெண்டு மடங்கு விலை சொல்றாரு, வாங்கலாமான்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

அவர்கிட்ட வாங்காதீங்க. சென்சார் கதையெல்லாம் பொய். ரெண்டுமே பெர்க்மன் பண்ணதுதான். சுவீடன் டிவிக்குன்னு எடுத்தது 312 நிமிஷம், தியேட்டருக்காக அதை அவரே மனசில்லாம 188 நிமிஷமா குறைச்சாரு. 1982 டிசம்பர்ல முதல்ல ரிலீஸ் ஆனதும் நாலு ஆஸ்கர் வாங்குனதும் சின்னதுதான்.

ஆனா பாக்குறதுன்னா பெருசைப் பாருங்க. அதுல ஒரு சீன், பிள்ளைங்க ரூம்ல கிடக்குற சாதாரண நாற்காலிய அப்பா எடுத்து வச்சு, இது சீன மகாராணியோடது, உலகத்துலயே இதுக்கு ஈடே இல்லன்னு கதை கட்டுவாரு, பிள்ளைங்க அப்படியே வாயடைச்சுப் பாக்கும். சின்னதுல இது கிடையாது. அந்த அப்பா செத்துப்போறப்ப நமக்கு வலிக்கணும்னா இந்த நாற்காலி வேணுங்க.

மத்த சுவீடன் படங்கள உண்மையிலேயே வெட்டுனது யாருன்னா வாங்கி வித்த ஆளுங்கதான். பெர்க்மன் 1953ல எடுத்த 'சம்மர் வித் மோனிகா'வ அமெரிக்காவுல க்ரோகர் பாப்னு ஒருத்தர் வாங்கி, 62 நிமிஷமா நறுக்கி, மியூசிக்கையும் மாத்தி, கவர்ச்சிப் படமா ஓட்டுனாரு. யான் ட்ரோலோட 'தி எமிக்ரன்ட்ஸ்' 1971ல வந்தப்ப 3 மணி நேரத்துக்கு மேல, அமெரிக்காவுக்குப் போனதும் இரண்டரை மணி நேரம் ஆயிடுச்சு. பஞ்சம் பொழைக்க ஊரை விட்டுப் போற விவசாயிங்க கதைய அவசரமா சொன்னா என்ன மிஞ்சும்? 2008ல வந்த 'லெட் தி ரைட் ஒன் இன்' படத்துல வெட்டு இல்ல, ஆனா அமெரிக்க டிஸ்க்ல சப்டைட்டிலை மொட்டையாக்கிட்டாங்க, ரசிகர்கள் சண்டை போட்ட பிறகுதான் பழைய சப்டைட்டிலோட வேற டிஸ்க் வந்துச்சு.

அதுக்காக நிமிஷம் குறைஞ்சாலே மோசடின்னு முடிவு கட்டிடாதீங்க. சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும், ஐரோப்பா டிவி 25. அதனால அந்த ஊர் பழைய டிவிடில படம் கொஞ்சம் வேகமா ஓடும், 188 நிமிஷம் கிட்டத்தட்ட 180 ஆயிடும், ஒரு சீன்கூட போயிருக்காது. நூத்துக்கு நாலு நிமிஷம் குறைஞ்சா பயமே வேணாம், நாப்பது நிமிஷம் குறைஞ்சா விட்டுடுங்க. நல்ல டிவிடிய வெட்டுனதுன்னு சொல்லி திருப்பி அனுப்புனவங்கள நான் பாத்திருக்கேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

எனக்குக் கோவம் என்னன்னா, 1963லயே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சு தியேட்டர் டிக்கெட்ல நூத்துக்குப் பத்து எடுத்து நல்ல படத்துக்குக் கொடுத்த நாடு சுவீடன், அங்க அவ்வளவு அக்கறையா எடுத்த படத்த நாட்டுக்கு நாடு ரைட்ஸ் பிரிச்சு வித்து, ஸ்ட்ரீமிங்ல எந்த வெர்ஷன்னு ஒரு வரி போடக்கூட ஆள் இல்ல. ஒரு வரிங்க!

வேற யார்கிட்ட வாங்குனாலும் பின்னட்டை போட்டோ கேளுங்க. கிட்டத்தட்ட 312 நிமிஷம்னு இருக்கணும், ஐரோப்பா டிவிடின்னா 300 கிட்ட இருந்தாலும் சரி. அஞ்சு மணி நேரத்தையும் ஒரே டிவிடில அடைச்சிருந்தா படம் கலங்கிப்போய்தான் தெரியும், வேணாம். போட்டோ அனுப்ப மாட்டேன்னா வேற ஆளப் பாருங்க.