துருத்திய காதுக்கு ஆபரேஷன்: மேலூர் அக்காவுக்கு

ஏழு வயசுப் பையனை ‘யானைக்காது’ என்று கேலி செய்கிறார்கள், ஆபரேஷன் செய்தால் காது கேட்காமல் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது அக்கா. கத்தி படுவது வெளிமடலில் மட்டும்தான். காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடக்கித் தையல் போடுவார்கள். காதைத் தலையோடு சேர்த்து ராத்திரி பிளாஸ்திரி ஒட்டுவது இந்த வயசில் வீண். பிறந்த சில வாரங்களில்தான் அது எடுபடும்.

என் மகனுக்குக் கட்டு அவிழ்த்தபோது காது செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது, பதறிவிட்டேன். அது தானாக வடிந்தது. ஆனால் ஒரு காதில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஓடுங்கள்.

முதலில் நம்ம மதுரைப் பெரியாஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். அப்புறம், அழகர்கோயில் காதுகுத்து? டாக்டர் சொல்லும்வரை தள்ளிப் போடுங்கள், தாய்மாமன் முறைத்தாலும் சரி.