முதல் பந்தியில் உட்காருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் வருகிறார்கள், எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அது. மன்னார்குடியில் எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பொங்கலுக்குச் சொந்தம் கூடுகிறது. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

என் மாமியார் இருந்தவரை பொங்கலுக்கு எல்லாரும் அவர் வீட்டில் கூடுவோம். அவர் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. இந்தத் தை எங்கள் வீட்டில் என்று கொழுந்தனாரும் நாத்தனார்களும் முடிவு செய்துவிட்டார்கள். 22 பேர், மூன்று நாள். இப்போதே தூக்கம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, லால்குடி

22 பேருக்கு வேண்டியதெல்லாம் உங்கள் ஒருத்தி தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, தூக்கம் எங்கிருந்து வரும்? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தலையில் இருப்பதை அதில் இறக்கி, கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

அதில் முதல் பக்கம், யார் எப்போது வருகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்பது. “வருவீர்களா?” என்று கேட்டால் “பார்க்கலாம்” என்றுதான் பதில் வரும். “எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாளாகிவிட்டது. பொங்கல் டிக்கெட்டெல்லாம் கார்த்திகைக்குள்ளேயே எடுத்திருப்பார்கள். போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகிக்கு 9 பேர், பொங்கலுக்கு 22 பேர், மாட்டுப் பொங்கல் இரவுக்கு 14 பேர் என்று தெளிவாகிவிட்டால் பயத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்தது சாப்பாடு. காலையில் தோசை வேண்டவே வேண்டாம். ஆளுக்கு மூன்று என்றால் 66 தோசை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும், இரண்டு கல் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருத்தர் அடுப்படியை விட்டு நகர முடியாது. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும், அவர் மட்டும் கரண்டியோடு நிற்பார். பூரியும் வடையும் இப்படித்தான். இட்லி, வெண்பொங்கல், கிச்சடி எல்லாம் செய்து இறக்கி வைத்துவிட்டு நாமும் போய் உட்காரக்கூடியவை. இட்லிக்கு ஆளுக்கு நாலு என்று கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ அரிசி, நாலில் ஒரு பங்கு உளுந்து போதும். வாடகைப் பாத்திரக் கடையில் பெரிய இட்லிக் கொப்பரை கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து தூக்கும் அண்டாவுக்கெல்லாம் ஆசைப்படாதீர்கள், கழுவுவது யார்?

பொங்கலன்று மதியத்துக்கு இரண்டரைக் கிலோ அரிசி, சாம்பாருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் துவரம்பருப்பு. சர்க்கரைப் பொங்கல் இலையில் ஒரு கரண்டிதான் போகும். பச்சரிசி ஒரு கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் ஒன்றே முக்கால் கிலோ போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் மிஞ்சும். எங்கள் பக்கம் அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் எல்லாம் போட்டு ஒரே குழம்பாக வைப்போம். அந்த ஒரு குழம்பு இருந்தால் தனியாக மூன்று பொரியல் வேண்டாம். ஆனால் மொச்சை உரிக்க நேரம் பிடிக்கும். போகியன்று மாலை அதைக் கூடத்தில் கொட்டிவிடுங்கள். வந்தவர்கள் பேசிக்கொண்டே உரித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் வருடம் பூராவும் பேசாத கதையெல்லாம் அந்த மொச்சைக் குவியலைச் சுற்றித்தான் வெளியே வரும்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். நகரத்து வீடுகளுக்கு ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதன்படி 22 பேருக்குக் கிட்டத்தட்ட 3,000 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி என்றால் மூன்று முறை மோட்டார் போட வேண்டும். அந்தப் பொறுப்பைப் பத்தாவது படிக்கும் பையன் ஒருவனிடம் ஒப்படையுங்கள், பெருமையாகச் செய்வான். சிலிண்டர் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பாய், தலையணை குறைந்தால் வருகிறவர்களையே ஆளுக்கொரு போர்வை கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் தவறே இல்லை.

கடைசியாக ஒன்று. இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். 1994 பொங்கலுக்கு எங்கள் வீட்டில் 26 பேர். நாலாவது பந்தி முடிந்து நான் இலை போடும்போது மணி மூன்றரை. குழம்பில் மொச்சை ஒன்றுகூட இல்லை, அப்பளம் நமுத்துவிட்டது. நாத்தனார் மகளுக்கு அப்போது எட்டு வயது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அத்தை, நீங்க மட்டும் ஏன் எப்பவும் தனியா சாப்பிடறீங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் வழக்கத்தை மாற்றினோம். சமைத்தவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் முதல் பந்தி. வீட்டு ஆண்களும் கல்லூரிப் பையன்களும் பரிமாறுவார்கள். தொடக்கத்தில் என் கொழுந்தனார் சாம்பாருக்கு முன்னால் ரசத்தை ஊற்றிவிட்டார். இப்போது அவர் பரிமாறுவதுபோல யாரும் பரிமாற முடியாது.

இதை அன்று காலையில் சொன்னால் நடக்காது. இந்த வாரமே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவர் தன் அண்ணன் தம்பிகளிடம் பேசட்டும். நீங்கள் போய்க் கேட்டால் அது வேண்டுகோள். அவர் சொன்னால்தான் அது வீட்டு வழக்கமாகும்.

சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். பொங்கலுக்குக் கணவர் வீட்டிலிருந்து ஒன்பது பேர் வருகிறார்கள். குளியலறை இரண்டு, ஆனால் ஒன்றில்தான் கீசர். போன வருடம் குளிப்பதற்கே சண்டை வந்து, நல்ல நேரம் தாண்டிவிட்டது.
- வாசகி, நங்கநல்லூர்

முந்தின நாள் ராத்திரியே குளிக்கும் வரிசையைக் காகிதத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். பொங்கல் வைக்கும் இருவர் ஐந்து மணிக்கு, மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அடுத்து, குழந்தைகள் கடைசி. கீசர் தண்ணீர் மறுபடி சூடாக நேரம் ஆகும் என்பதால் இரண்டு பேருக்கு நடுவில் இடைவெளி விடுங்கள், அடுப்பிலும் ஒரு தவலை வெந்நீர் போட்டு வையுங்கள். பெரியவர்களிடம் வரிசையைக் காட்டி “உங்களுக்கு இந்த நேரம் சரியா மாமா?” என்று கேட்டுவிட்டு ஒட்டினால் யாருக்கும் மனம் கோணாது. பொங்கலைப் பால்கனியில் வைக்க ஆசைப்பட வேண்டாம், திரைச்சீலையும் காற்றும் ஆபத்து. சமையலறை அடுப்பிலேயே பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி வையுங்கள். பொங்கும்போது எல்லாரும் சமையலறை வாசலில் நின்று “பொங்கலோ பொங்கல்” சொன்னால் போதும், பக்கத்து ஃபிளாட்டிலிருந்தும் குரல் கொடுப்பார்கள்.

என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சர்க்கரை நோய். வெல்லம்தானே, சாப்பிடலாம் என்கிறார்கள். பண்டிகை நாளில் எப்படித் தடுப்பது?
- வாசகர், விருத்தாசலம்

வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், அதில் சந்தேகம் வேண்டாம். ஒரு ஸ்பூன் பிரசாதமாகக் கொடுங்கள், தட்டு நிறைய வேண்டாம். அளவை அவர்களுடைய டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பண்டிகை நாளில் இன்னொரு ஆபத்து உண்டு, அதைத்தான் வீடுகளில் மறந்துபோகிறார்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, படையல் முடியட்டும் என்று ஒரு மணி வரை காத்திருப்பார்கள். சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். எங்கள் சித்தப்பா ஒரு பொங்கலன்று முற்றத்திலேயே சாய்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கும் அவர் வயதுக்காரர்களுக்கும் வழக்கமான நேரத்தில் நாலு இட்லி கொடுத்துவிடுகிறோம். சாமி கோபித்துக்கொள்ளாது.

என் மகளுக்கு 29 வயது. பெங்களூரில் வேலை. சொந்தக்காரர்கள் வந்தால் “கல்யாணம் எப்போ?” என்று கேட்பார்கள் என்று பயந்து, இந்த வருடம் பொங்கலுக்கே வரமாட்டேன் என்கிறாள்.
- வாசகி, கரூர்

படிக்கவே மனது வலிக்கிறது. தன் வீட்டுப் பொங்கலுக்கு வரப் பெண் பயப்படலாமா? வருகிறவர்களில் எல்லாரும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இப்போதே போனில் பேசுங்கள். “அத்தை, அவளிடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. உங்கள் வாயால் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்” என்று பொறுப்பை அவர் கையில் கொடுங்கள். பெரியவர்களுக்குப் பொறுப்பு கொடுத்தால் நமக்குக் காவலாக நிற்பார்கள். அதையும் மீறி யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவள் இல்லை. “அது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கரும்பு சாப்பிடுங்கள்” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அம்மா தன் பக்கம் நிற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த வருடம் அவளே முதல் ஆளாக வருவாள்.

மூன்று வருடமாகச் செலவு முழுவதும் என் தலையில். தம்பிகளிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
- வாசகர், அரியலூர்

பணமாகக் கேட்காதீர்கள். பொருளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் அரிசி மூட்டை, ஒருவர் வெல்லமும் நெய்யும், ஒருவர் கரும்பு, காய்கறி, வாழை இலை. கொண்டுவருகிறவருக்கும் இது தன் வீட்டுப் பொங்கல் என்ற எண்ணம் வரும். இந்த வருடம் யாருக்காவது கை இறுக்கமாக இருந்தால் அவருக்கு மஞ்சள் கொத்து மட்டும் சொல்லுங்கள், காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம்.

எனக்கு 71 வயது. முழங்கால் வலி. பிள்ளைகள் “சிரமப்படாதே, எங்காவது ஓட்டலில் எல்லாரும் சேரலாம்” என்கிறார்கள். எனக்கு வீட்டில்தான் வேண்டும் என்று இருக்கிறது. இது பிடிவாதமா?
- வாசகி, திருவாரூர்

பிடிவாதம் இல்லை அம்மா. வாசலில் கோலம் போட்டு அடுப்பு மூட்டிப் பானை வைப்பதை ஓட்டலில் எங்கே செய்வது? பொங்கல் பானையை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பேத்தியை விட்டு அரிசி போடச் சொல்லுங்கள். எத்தனை கை அரிசி, எப்போது வெல்லம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் கற்றுக்கொள்வாள். மாட்டுப் பொங்கல் விருந்தைச் சமையல்காரரிடம் விட்டுவிடலாம். பொங்கலன்று மட்டும் அவரை அழைக்க வேண்டாம், அவருக்கும் வீட்டில் பானை வைக்க வேண்டும். மறுநாளுக்கென்றால் மார்கழி பாதிக்குள் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு ஆள் கிடைப்பது கஷ்டம்.