பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மகள் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், 16 மாத முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டாள். டேட்டா சயின்ஸ். படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகக் கடிதம் ஏப்ரல் 28 அன்று வந்தது. ஜூனில் பட்டமளிப்பு விழா. சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிவிட்டு வொர்க் பெர்மிட்டுக்குப் போடுகிறேன், ஸ்டடி பெர்மிட் ஆகஸ்ட் 31 வரை இருக்கிறது, அதற்குப் பிறகும் அவகாசம் உண்டு என்கிறாள். வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரரோ, '16 மாதம் படித்தால் 16 மாதம்தான் பெர்மிட், அந்தப் படிப்பே இப்போது பட்டியலில் இல்லையாம்' என்கிறார். ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். அவள் பாஸ்போர்ட் வேறு ஜனவரியில் முடிகிறது. எனக்குத் தூக்கமே இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்களைத் தூங்கவிடாத இரண்டு விஷயங்களையும் ஒதுக்கிவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பழைய விதி. முன்பு இரண்டு வருடத்துக்குக் குறைவான படிப்பு என்றால், படிப்பு எவ்வளவு காலமோ அவ்வளவு காலத்துக்குத்தான் பெர்மிட் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரி 15 முதல் முதுநிலைப் பட்டத்துக்கு மட்டும் அதை மாற்றிவிட்டார்கள். மற்ற தகுதிகள் சரியாக இருந்து, படிப்பு எட்டு மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் மூன்று வருடம் கிடைக்கும். அடுத்து அந்தப் பட்டியல், அதாவது எந்தெந்தப் படிப்புகளுக்கு இந்தப் பெர்மிட் உண்டு என்ற பட்டியல். அது காலேஜ் டிப்ளமோ படிப்பவர்களுக்கானது, அதிலும் 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு. பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன வரியில் இருக்கிறது: 'ஆகஸ்ட் 31 வரை இருக்கிறது.' அப்படி இல்லை. ஸ்டடி பெர்மிட்டில் அச்சடித்திருக்கும் தேதி, படிப்பு முடிந்ததாகக் கடிதம் வந்த நாளிலிருந்து 90 நாள், இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்றோடு அந்தப் பெர்மிட் செல்லாது. ஏப்ரல் 28-லிருந்து எண்ணினால் ஜூலை 27. ஆகஸ்ட் 31-ஐ மறந்துவிடுங்கள்.

'அதற்குப் பிறகும் அவகாசம்' என்று அவள் சொல்வது 180 நாள் கணக்கு. வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க 180 நாள் உண்டுதான், உங்கள் மகளுக்கு அது அக்டோபர் 25 வரை வரும். ஆனால் ஜூலை 27 தாண்டி அந்நாட்டில் தங்க அவளுக்கு அனுமதி இருக்காது. அங்கே தங்கும் தகுதியைத் திரும்பப் பெறத் தனியாகப் பணம் கட்டி மனுப் போட வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டு வெளியேறி வெளியிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். என் அண்ணன் மகள் இப்படித்தான் விழாவுக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிட்டாள். தகுதியைத் திரும்ப வாங்கும்வரை மாதக் கணக்கில் வேலைக்கே போக முடியாமல், வீட்டு வாடகைக்கு இங்கிருந்து பணம் அனுப்பினோம். அந்த நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்குப் பட்டச் சான்றிதழே தேவையில்லை. படிப்பு முடிந்ததற்கான கடிதமும் மதிப்பெண் பட்டியலும் போதும்.

இன்னொன்று, இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை முழுநேர வேலை பார்க்கலாம். படிக்கும்போது கல்லூரி வளாகத்துக்கு வெளியில் வேலை பார்க்கும் தகுதி இருந்திருக்க வேண்டும், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம் என்ற வரம்பையும் மீறியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கடிதம் வந்த நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் வேலை பார்க்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டிலோ வேறெங்கோ பகுதி நேரமாகப் போய்க்கொண்டிருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் பிஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பிக்கும்போது இந்தச் சில வார வேலை ஒரு பெரிய சிக்கலாக எழுந்து நிற்கும்.

அப்படியென்றால் இன்றே போட்டுவிடலாமா? முடியாது, ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் வொர்க் பெர்மிட்டுக்கும் மொழித் தேர்வு மதிப்பெண் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர அவள் எழுதியிருப்பது பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்காக இருக்கும். அதில் ஏழு, எட்டு வாங்கியிருந்தாலும் இங்கே எடுபடாது. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர், இவற்றில் ஒன்று வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள் எழுதியதாக. ஐஇஎல்டிஎஸ் என்றால் படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக 6.0. சராசரி பார்க்க மாட்டார்கள். 'நான் ஆங்கிலத்திலேயே படித்துத்தானே பட்டம் வாங்கினேன்' என்று அவள் கோபப்படுவாள். கோபம் நியாயம்தான், ஆனாலும் இந்த வாரமே தேதி பதிவு செய்யட்டும்.

தேர்வுக்கும் முடிவுக்கும் எப்படியும் சில வாரம் போகும். அந்த வாரங்களைப் பாஸ்போர்ட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும். பாஸ்போர்ட் எந்த நாளில் முடிகிறதோ அதோடு வொர்க் பெர்மிட்டையும் முடித்துவிடுவார்கள். ஜனவரி பாஸ்போர்ட்டோடு போட்டால் மூன்று வருடத்துக்குப் பதில் சில மாதம்தான் கையில் வரும். புது பாஸ்போர்ட் வாங்கி மிச்ச காலத்தைப் பிறகு கேட்டுப் பெறலாம், ஆனால் அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு. சில மாதப் பெர்மிட்டைப் பார்த்து வேலை தர யோசிக்கும் கம்பெனிகளும் உண்டு. ஒரு வருடத்துக்குள் முடியும் பாஸ்போர்ட் என்பதால் டொரான்டோ துணைத் தூதரகத்தின் வழியாக இப்போதே புதுப்பிக்கக் கேட்கலாம். பழையதைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் எடுத்து வைக்கட்டும். ஜூலை முதல் வாரம் வரை புதியது வரவில்லையா, பழைய பாஸ்போர்ட் நகலை வைத்தே விண்ணப்பித்துவிட வேண்டும். ஜூலை கடைசி வாரத்துக்குத் தள்ளவே கூடாது.

சரி, ஏஜென்ட். அரசுக் கட்டணம் மொத்தம் 255 கனடா டாலர், நம் பணத்தில் இருபதாயிரத்துக்குள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஸ்டடி பெர்மிட் வாங்கிய பெண் இதையும் தானே செய்துவிடுவாள். சிக்கல் ஏதாவது இருந்து துணை தேவைப்பட்டால், உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ போகட்டும். அந்நாட்டுச் சட்டப்படி பணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய உரிமம் வேண்டும். ஒன்றரை லட்சத்தை லோன் தவணைக்கு வையுங்கள்.

இந்தப் பெர்மிட் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கிடைத்த பிறகு எந்த வேலையில் சேருகிறாள் என்பதும் முக்கியம். கனடா அனுபவப் பிரிவில், அதாவது அங்கே வேலை பார்த்த அனுபவத்தை வைத்து, பிஆர் கேட்கத் திறன் சார்ந்த வேலையில் ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம் காட்ட வேண்டும். முழுநேரமாகப் படித்தபோது பார்த்த வேலை அதில் சேராது. ஒரு வருடம் இருந்தாலே பிஆர் வந்துவிடும் என்றும் இல்லை, அதற்கு மதிப்பெண் போட்டி தனி.

ஒன்டாரியோவில் இப்போது நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அவளுக்குக் காலை ஒன்பதரை. 'வேலை கிடைத்ததா' என்று ஆரம்பிக்காதீர்கள். கடிதத்தில் இருக்கும் தேதியை எடுத்து ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து 90 நாளை இரண்டு பேருமாகச் சேர்ந்தே எண்ணுங்கள்.