நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லையே, முடுக்கியை (துகள்களை மின்புலத்தால் வேகப்படுத்தும் கருவி) வைத்து வேக நியூட்ரானை எப்படி உண்டாக்கி அளக்கிறார்கள்?

அணுக்கருவிலிருந்து வெளியேறி, ஆற்றல் குறையாமல் பறப்பது வேக நியூட்ரான். மின்னூட்டம் இல்லாததால் மின்புலம் அதைத் தள்ளாது. அதனால் மின்னூட்டமுள்ள புரோட்டானை முடுக்கி, பெரிலியம் தகட்டில் மோதவிடுகிறார்கள். அங்கிருந்து நியூட்ரான் தெறிக்கிறது. கேரம் காயைத் தொடாமல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது போலத்தான்.

அளக்கும் விதம்தான் அழகு. மெல்லிய அலுமினியத் தகட்டை வழியில் வைத்தால், போதிய ஆற்றலுள்ள நியூட்ரான் பட்ட சில அணுக்கள் கதிரியக்கமுள்ள சோடியம்-24 ஆகின்றன. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், சுமார் 15 மணி நேரம். ஆகவே தகட்டை எடுத்துப்போய், அது உமிழும் காமா கதிர்களை நிதானமாக எண்ணி, எத்தனை நியூட்ரான் வந்தன என்று கணக்கிடலாம்.

முடுக்கியை நிறுத்தினால் கதிர்வீச்சு மொத்தமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நியூட்ரான் வரத்து உடனே நிற்கும், சரி. ஆனால் நியூட்ரான் பட்ட உலோகமும் சுவரும் அதன் பிறகும் கதிரியக்கத்தோடு இருக்கும்.