நிஹிலிஸ்டின் தவளை

அன்புள்ள சார்,

வயது 27, ஐடி வேலை. ஒரு வருடமாக நிஹிலிசம் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்கும் அர்த்தமில்லை என்பது புரிந்துவிட்டது. புரிந்ததிலிருந்து எதையும் செய்யத் தோன்றவில்லை. தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. நீட்சேயை எங்கிருந்து தொடங்குவது? நிஹிலிசமும் பௌத்த சூன்யவாதமும் ஒன்றுதானா?

ச.

அன்புள்ள ச.,

சூன்யவாதத்தை இதில் இழுக்காதீர்கள். சூன்யத்தையே ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொள்பவரைக் குணப்படுத்தவே முடியாது என்று அந்த வாதத்தை வகுத்த பௌத்த ஞானி நாகார்ஜுனரே சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதம் வந்தபோது ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’ நாவலைத்தான், அதன் நாயகன் பஸாரோவைத்தான், மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். நிஹிலிஸ்ட் என்ற பெயரை ஊரறியச் செய்தது 1862இல் வந்த அந்த நாவல். பஸாரோவ் மருத்துவம் படிப்பவன். கடவுள், கலை, குலப்பெருமை எதற்கும் தலைவணங்க மாட்டான். யார் சொன்னாலும் சரி, சோதிக்காமல் ஏற்க மாட்டான். ஆனால் விருந்தாளியாகப் போன பண்ணைவீட்டில் மறுநாள் விடிந்ததும் என்ன செய்கிறான் தெரியுமா? சேற்றில் இறங்கித் தவளை பிடிக்கிறான், அறுத்துப் பார்க்க. இயற்கை கோயிலல்ல, பட்டறை. மனிதன் அதில் வேலைக்காரன் என்கிறான். கடைசியில் டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலில் இறந்த ஒரு விவசாயியின் உடலை அறுக்கும்போது விரலில் கத்தி பட்டு, அந்தத் தொற்றிலேயே சாகிறான். எதற்கும் அர்த்தமில்லை என்று மல்லாந்து படுத்திருந்தால் அவன் செத்திருக்கவே மாட்டான், தம்பி.

கதைதானே என்பீர்கள். நடேஷ்தா சுஸ்லோவா என்ற ரஷ்யப் பெண் கதையல்ல. பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். நிஹிலிஸ்டுகள் என்று ஏசப்பட்ட அந்தத் தலைமுறைக்காரர். பீட்டர்ஸ்பர்கில் பெண்களுக்கு மருத்துவ வகுப்புக் கதவை அடைத்ததும் சூரிச் போனார். 1867இல் அங்கே மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வு எதைப் பற்றி? நிணநீர் இதயங்கள். நிணநீரைத் தள்ளுகிற, தவளைக்கு இருக்கிற உறுப்பு அது. மறுபடியும் தவளை! பிறகு ரஷ்யா திரும்பி வைத்தியம் பார்த்தார். தேவாலயமும் ஜாரும் அப்பாவும் சொன்னதை மறுத்தவர்களுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. உங்களுக்கு மட்டும் எப்படி அதோடு முடிந்தது?

எங்கள் விடுதியில் ஒரு அண்ணன் இருந்தார். எல்லாம் மாயைகூட இல்லை, வெறும் ஒன்றுமில்லை என்பார். மெஸ்ஸில் முட்டை வராத அன்று மட்டும் வார்டனோடு மல்லுக்கு நிற்பார். வாங்கிய கடனைக் கேட்டால் மறுபடி பிரபஞ்சம் வந்துவிடும். நாங்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. எதையும் மறுக்க அவர் ஒரு நாளும் உழைத்ததில்லை. உங்கள் வீடியோக்காரர்களும் அந்த அண்ணன் வகைதான்.

நீட்சேயா? 1882இல் ‘The Gay Science’ நூலில் அவர் எழுதிய பைத்தியக்காரன், பட்டப்பகலில் விளக்கோடு சந்தைக்கு வந்து கடவுளைக் கொன்றுவிட்டோம் என்று கதறுவான். சுற்றி நின்று சிரிப்பவர்களும் கடவுளை நம்பாதவர்கள்தான். அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். நீங்கள் சிரிக்கிறவர்கள் பக்கமா என்று பாருங்கள். மற்ற நூல்களுக்கு அவசரமில்லை.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்பதைத் தத்துவக் கணக்கில் எழுதாதீர்கள். அது உடம்பும் மனமும் சம்பந்தப்பட்டது. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அவர் என்ன சொன்னார் என்று.