கேள்வி-பதில்: அந்த ஜெர்மன் கிராமத்தில் எதைப் பாதுகாக்கிறார்கள்?

மகள் ஹாம்பர்க்கில் இருக்கிறாள். போன கோடையில் எங்களை லூபெல்ன் என்ற சின்ன கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். வீடுகள் வட்டமாக நிற்கின்றன, வாசல் உத்தரத்தில் எழுத்து செதுக்கியிருக்கிறது. எல்லாமே அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னம் என்றாள். கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, கொடியில் துணி காய்கிறது. இதில் எதைப் பாதுகாக்கிறார்கள்?
(வாசகி, கோவை)

நீங்கள் காரை விட்டு இறங்கி நின்றீர்களே, நடுவில் மரமும் புல்லுமாக ஒரு வெட்டவெளி, முதலில் அதைத்தான்.

இந்த மாதிரி ஊருக்கு ருண்ட்லிங் என்று பெயர், வட்ட ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட ஜெர்மனியில் நீடர்ஸாக்ஸன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் வென்ட்லாண்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே இவை கொத்துக் கொத்தாக இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டு வாக்கில், ஜெர்மன் பிரபுக்களின் ஆட்சிக்குள் வந்த ஸ்லாவிய மக்களான வென்டுகள் குடியேறிய காலத்தில் உருவான அமைப்பு. ஊருக்குள் போக ஆதியில் ஒரே வழிதான். ஒவ்வொரு வீடும் முகப்பை நடுவெளிக்குக் காட்டி நிற்கும், மனை பின்னால் போகப் போக விசிறி மாதிரி விரியும். பல ஊர்களில் தேவாலயம்கூட வட்டத்துக்கு வெளியேதான். நடுவில் யாருக்கும் தனிச் சொந்தமில்லாத அந்த வெளி ஒன்று இருப்பதால்தான் பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஓர் ஊர் ஆகிறது. ஒரே ஒரு வீட்டை இடித்துவிட்டு அங்கே கார் கொட்டகை கட்டினால் போதும், சிரிப்பில் பல் விழுந்த மாதிரி வட்டம் பிளந்துவிடும். அதனால் அங்கத்திய சட்டம் தனிக் கட்டடத்தை மட்டும் பார்ப்பதில்லை, கட்டடக் கூட்டத்தையே ஒரு சின்னமாக எடுத்துக்கொள்கிறது. தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிகிற வீடுகூட அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்.

வீடுகள் வட்டத்தின் அளவுக்குப் பழையவை அல்ல, பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டு. பக்கத்திலேயே சாடெமின் என்று ஓர் ஊர், 1850-இல் தீப்பிடித்து எரிந்து, வட்டத்தைக் கலைக்காமல் உடனே திரும்பக் கட்டப்பட்டது. அங்கே போய் நின்றால் எல்லா வீடும் ஒரே வயதில் அண்ணன் தம்பி மாதிரி நிற்பது தெரியும்.

வீட்டுக்குள் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். முகப்பில் வைக்கோல் ஏற்றிய வண்டியே நுழைகிற அளவு ஒரு பெரிய கதவு. உள்ளே நீளமாகக் களம், அதில்தான் கதிரடிப்பு. களத்தின் இரண்டு பக்கமும் மாடும் குதிரையும், மேலே பரணில் தானியமும் வைக்கோலும், கடைசியில் அடுப்பு, அதற்கும் பின்னால் மனிதர்கள் படுக்கிற அறைகள். பழைய வீடுகளில் புகைபோக்கியே கிடையாது. புகை பரண் வழியாக மெல்ல ஏறி வெளியே போகும். போகிற வழியில் தானியத்தை உலர்த்தும், பூச்சியை விரட்டும், மேலே தொங்கவிட்ட பன்றித் தொடையைப் பதப்படுத்தும்.

அந்த எழுத்து பெரிய கதவுக்கு மேலே உள்ள உத்தரத்தில் இருந்திருக்கும். வழக்கமாக ஒரு பைபிள் வரி அல்லது ஒரு வேண்டுதல், கட்டியவர் பெயர், அவர் மனைவியின் பெயர், வருடம், தேதி. மனைவிக்குப் புகுந்த வீட்டுப் பெயரோடு பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே செதுக்குவார்கள். நான் முதல் தடவை அப்படி ஓர் உத்தரத்துக்குக் கீழே நின்று, கூட வந்தவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கேட்டபோது, இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு விவசாயப் பெண்ணின் முழுப் பெயரும் ஊர் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி இன்றும் இருக்கிறதே என்று அப்படியே நின்றுவிட்டேன். கோட்டையும் அரண்மனையும் ராஜா பெயரைச் சொல்லும். இந்தப் பெயரைச் சொல்ல இந்த உத்தரத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அப்படியென்றால் அந்த வீடுகளை அரசு வாங்கிக்கொள்ளுமா? செலவு யாருடையது?
(வாசகர், திருநெல்வேலி)

வாங்காது. வீடு வீட்டுக்காரருடையதுதான், விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். செலவும் பெரும்பாலும் அவருடையதுதான், அதுதான் சிக்கலே.

ஜெர்மனியில் இது மத்திய அரசின் விஷயமில்லை, 16 மாநிலத்துக்கும் 16 சட்டம். பவேரியாவுக்கு 1973-இல் வந்தது, நீடர்ஸாக்ஸனுக்கு 1978-இல். நீடர்ஸாக்ஸனில் ஒரு முக்கியமான விஷயம்: பட்டியலில் பெயர் ஏறினால்தான் பாதுகாப்பு என்று கிடையாது. வரலாறு, கலை, அறிவியல், ஊரமைப்பு இவற்றில் ஏதோ ஒரு காரணத்தால் அதைக் காப்பதில் பொதுநலன் இருந்தால் அது சின்னம்தான், பட்டியல் அதை எழுதி வைக்கிறது, அவ்வளவே. வேலை தொடங்கும் முன்னால் உள்ளூர் மாவட்ட நிர்வாகத்தில் உள்ள நினைவுச்சின்னப் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும்.

பதிலுக்கு வருமான வரியில் சலுகை உண்டு. சொந்தக் குடியிருப்பு என்றால் புதுப்பிக்கும் செலவில் ஆண்டுக்கு 9 சதவீதம் வீதம் 10 ஆண்டு கழித்துக்கொள்ளலாம். வாடகைக்கு விட்டால் முதல் 8 ஆண்டு 9 சதவீதம், அடுத்த 4 ஆண்டு 7 சதவீதம், ஆக முழுச் செலவும் கணக்கில் வந்துவிடும். கழிவது வரியிலிருந்து இல்லை, வரி போடும் வருமானத்திலிருந்து. அதனால் நல்ல சம்பளக்காரருக்கு இது பெரிய உதவி, சொற்ப ஓய்வூதியத்தில் பெரிய வீட்டைக் கட்டிக்காக்கும் வயதான விவசாயிக்கு ரொம்பக் கொஞ்சம். இது சரியில்லை என்பது என் கருத்து, அதிகம் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. மானியங்கள் உண்டு, ஆனால் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைக்கும் என்று இல்லை. ஒன்று மட்டும் யாராக இருந்தாலும் நினைவில் வையுங்கள்: வேலையை முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வரிச் சலுகை போய்விடும். முதலில் அதிகாரியுடன் பேசி முடிவு செய்ய வேண்டும், பிறகு தச்சரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு ஜன்னலை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டுமாமே. என் வீட்டில் என் ஜன்னல். இது அநியாயம் இல்லையா?
(வாசகர், சென்னை)

கோபம் புரிகிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மரச்சட்ட வீடு எப்படி நிற்கிறது? கருவாலி (ஓக்) மரத்தில் தூணும் உத்தரமுமாக ஒரு கூடு, காடியில் நாக்கு செருகி மர முளை அடித்த இணைப்பு, இரும்பு ஆணியே பெரிதாக இல்லை. சட்டங்களுக்கு நடுவே குச்சியைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு. பிந்தைய வீடுகளில் களிமண்ணுக்குப் பதில் செங்கல். மரமும் களிமண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வாங்கியதை வெளியே விட்டுவிடும். சரி, ஒரு வீட்டுக்காரர் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் நல்ல எண்ணத்தோடுதான், இனி தொந்தரவே இருக்காது என்று முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டார். சுவர் பார்க்கக் கெட்டியாக இருந்தது. மரம் சுருங்கி விரிகிறபோது சிமெண்ட் ஓரத்தில் தலைமுடி அளவு பிளவு விழுந்தது, அதில் மழைநீர் இறங்கியது, இறங்கிய நீர் வெளியே வர வழியில்லாமல் அடி உத்தரத்தில் தங்கிப்போனது. அந்தப் பூச்சை உடைத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தச்சர் ஸ்க்ரூடிரைவரை உத்தரத்தில் வைத்துக் கையால் அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மரம் ஈரப் புட்டு மாதிரி கையில் உதிர்ந்தது. தலைமுறை தலைமுறையாக நின்ற கட்டை, சில பத்து வருடச் சிமெண்டில் முடிந்துபோயிற்று.

அதிகாரி கேட்கிற கேள்வி முக்கால்வாசி இந்த மாதிரிதான்: எந்தப் பூச்சு, எந்த மரம், பழையதில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம். அழுகிய பாகத்தை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதே மரத்தை ஒட்டுப் போடுவது அங்கே நல்ல தச்சரின் அடையாளம், தூணையே பிடுங்கிப் போடுவது அல்ல. ஜன்னலுக்கும் வழி உண்டு, பழைய ஜன்னலை வெளியே அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் வைப்பார்கள், குளிரும் தாங்கும், முகமும் மாறாது. கூரையில் சூரிய மின்தகடு வைக்கவே விடமாட்டார்கள் என்ற பேச்சும் இப்போது பழையது. நீடர்ஸாக்ஸனில் 2022-இல் சட்டத்தைத் திருத்தி, பிற்பாடு கழற்றிவிட முடிகிற மாதிரி இருந்து, பழைய கட்டுமானத்தைக் கொஞ்சமே தொட்டால் பொதுவாக அனுமதிக்கலாம் என்று கொண்டு வந்துவிட்டார்கள்.

தாங்கவே முடியாத செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை, வரவுக்கும் பயனுக்கும் மிஞ்சின சுமை என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. எனக்குப் பயம் அனுமதியைப் பற்றி இல்லை. விவசாயம் நின்றுபோய், மாடும் வண்டியும் போய், அந்தப் பெரிய களத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டிப் போடுகிறார்களே, அதுதான். ஓர் ஓடு நகர்ந்தால் ஆள் இருக்கிற வீட்டில் அன்றைக்கே தெரிந்துவிடும், பூட்டிய வீட்டில் கூரை இறங்கின பிறகுதான் தெரியும்.

இரண்டு உலகப் போர் நடந்த நாட்டில் இவ்வளவு பழைய கிராமங்கள் எப்படித் தப்பின?
(வாசகி, மதுரை)

குண்டு போடும்படி அங்கே தொழிற்சாலை எதுவும் பெரிதாக இல்லை. போருக்குப் பிறகு வறுமை காப்பாற்றியது. நாடு இரண்டானபோது வென்ட்லாண்ட் மேற்கு ஜெர்மனியின் ஒரு மூலை, ஆனால் மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி. 1989 வரை சாலை போய் வேலியில் முட்டி நிற்கிற ஊர் அது, முதலீடு வரவில்லை, மற்ற இடங்களில் பழையதை இடித்துப் புதியதைக் கட்டிய அளவுக்கு இங்கே பணமில்லை. அப்படியும் சில வீடுகளை இடிப்பது நடந்தது, அதைப் பார்த்துப் பதறி 1969-இல் சிலர் ருண்ட்லிங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஹாம்பர்க்கிலிருந்தும் மேற்கு பெர்லினிலிருந்தும் வந்தவர்கள் வீடு வாங்கிச் சரிசெய்தார்கள். அந்தச் சங்கத்துக்கு 2015-இல், ஐரோப்பாவில் பாரம்பரியத்தைக் காப்பவர்களுக்குத் தரும் யூரோப்பா நோஸ்ட்ரா விருது கிடைத்தது.

தப்பாதது ஒன்றும் இருக்கிறது. வென்டுகளின் மொழி. லூபெல்னுக்குப் பக்கத்து ஊரான ஸ்யூட்டனில் யோஹான் பாரும் ஷுல்ட்சே என்ற விவசாயி 1725 வாக்கில் ஒரு குறிப்பேடு எழுதினார். தனக்கு 47 வயது, தானும் ஊரில் இன்னும் மூன்று பேரும் போய்விட்டால் நாய்க்கு வென்டு மொழியில் என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் அதில். தெரிந்த சொற்களையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த நூற்றாண்டின் நடுவிலேயே மொழி பேச்சிலிருந்து போய்விட்டது. ஊர்ப் பெயர்களில் அதன் ஒலி இன்றும் இருக்கிறது.

கட்டடங்களில் நீலமும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கேடயம் ஒட்டியிருக்கிறதே, அது என்ன? உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
(வாசகர், பெங்களூரு)

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்தைத் தாக்கக் கூடாது என்று 1954-இல் ஹேக் நகரில் செய்த உடன்படிக்கையின் அடையாளம் அது. ஜெர்மனியில் பல மாநிலங்களில் நினைவுச்சின்னப் பலகையாகவும் அதையே வைக்கிறார்கள். பலகை இல்லையென்றால் சின்னமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலானவை குடியிருக்கும் வீடுகள், தட்டிக் கூப்பிட்டுவிட்டு நுழைய முடியாது. செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு நாடு முழுக்கத் திறந்த நினைவுச்சின்ன நாள், 1993-இலிருந்து நடக்கிறது, வழக்கமாகப் பூட்டியிருக்கும் எத்தனையோ கதவுகள் அன்றைக்குத் திறக்கும். லூபெல்னில் அருங்காட்சியகமே இருக்கிறது, அங்கே பழைய வீட்டுக்குள் நின்று பார்க்கலாம். போனால் தூணும் உத்தரமும் சேருகிற இடத்தில் கண்ணை வையுங்கள், மரத்தில் உளியால் வெட்டிய கோடுகள் தென்படலாம், மூன்று கோடு, குறுக்குக் கோடு என்று ரோமன் எண் மாதிரி. தச்சர்கள் முழுக் கூட்டையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, பிறகு வீட்டு மனையில் எழுப்புவார்கள். ஒரே எண் போட்ட கட்டைகள்தான் ஒன்றோடொன்று சேரும். மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது அந்த வெட்டுகள் நன்றாகத் தெரியும், விரலால் தடவினாலும் தட்டுப்படும்.