பொந்தோஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோமை எதிர்த்த ஆறாம் மித்ரிடேட்டஸைப் பற்றிப் படிக்கும்போது, அவன் ஆண்ட கடலோர நாட்டின் பெயர் பொந்தோஸ் என்று கண்டேன். கிரேக்கப் புராணத்தில் அதே பெயரில் ஒரு கடல் தெய்வமும் இருக்கிறது. அதீனாவின் பெயரால் ஏதென்ஸ் வழங்குவதுபோல, இந்த நாட்டுக்கும் தெய்வத்தின் பெயரை வைத்தார்களா? அந்த அரசர்களுக்கு அது குலதெய்வமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். கிரேக்கத்தில் பொந்தோஸ் என்றால் கடல். தெய்வமும் நாடும் அந்தச் சொல்லைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டன.

தெய்வத்துக்குப் பெரிய கதை கிடையாது. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடிய தெய்வ வம்சாவளியில், பூமித்தாயான கையா ஆண் துணையின்றிப் பெற்ற பிள்ளை பொந்தோஸ். பிறகு அவளோடே கூடி நெரியுஸ் முதலிய ஐவருக்குத் தகப்பனாகிறான். அதோடு சரி. திரிசூலம் ஏந்திய பொசைடன் கடலை ஆள்பவன்; பொந்தோஸ் கடலேதான். கதை என்றால் வஞ்சம் வைத்துப் பழிவாங்க ஓர் ஆள் வேண்டுமே, தண்ணீரால் முடியுமா?

கருங்கடலைக் கிரேக்கர் சுருக்கமாகப் பொந்தோஸ் என்றனர். முழுப்பெயர் 'விருந்தினரைப் பேணும் கடல்'. அதற்கு முந்தைய பெயரோ 'விருந்தினரை ஏற்காத கடல்'. நாம் கொடிய நஞ்சுள்ள பாம்பை நல்ல பாம்பு என்கிறோம் அல்லவா, அதே மங்கல வழக்கு. அதன் தென்கரை, அதாவது இன்றைய வடதுருக்கி, கப்படோக்கியா என்ற பழைய நாட்டின் ஒரு பகுதி. 'பொந்தோஸை அடுத்த கப்படோக்கியா' என்றும் அதைச் சொன்னார்கள் என அந்நாட்டு ஊரான அமாசியாவில் பிறந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். நாளடைவில் கடலின் பெயரே கரைக்கு நின்றுவிட்டது.

குலதெய்வம் என்று கேட்டீர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசை நிறுவிய குடும்பம் தன்னைப் பாரசீக வழி என்று சொல்லிக்கொண்டது. மித்ரிடேட்டஸ் என்ற பெயருக்கே 'மித்ரன் என்ற பாரசீகத் தெய்வத்தால் தரப்பட்டவன்' என்றுதான் பொருள். நாட்டுக்குள் கோமானா என்ற ஊரில் 'மா' என்னும் தாய்த்தெய்வத்துக்குப் பெரிய கோயில். அதன் தலைமைப் பூசாரிக்கு அரசனுக்கு அடுத்த மரியாதை.

உங்கள் ஆறாம் மித்ரிடேட்டஸ் ரோமானியத் தளபதி முரேனாவை விரட்டிய பின் செய்த பலியை வரலாற்றாசிரியர் அப்பியன் விவரிக்கிறார். உயர்ந்த குன்றின் மேல் பெரிய விறகுக் குவியல். அரசனே முதலில் விறகு சுமந்துவருகிறான். பால், தேன், மது, எண்ணெய், நறும்புகை எல்லாம் அதன் மேல் படைக்கப்படுகின்றன. பலி, படைகளின் தெய்வமாக வணங்கப்பட்ட, கிரேக்கரின் தலைமைத் தெய்வம் சேயுஸுக்கு. முறையோ பாரசீக மன்னர்கள் தங்கள் பழைய தலைநகரான பசர்கடேயில் செய்தது. மூட்டிய தீ, கிரேக்கர் கணக்கில் ஆயிரம் ஸ்டேடியம், ஏறத்தாழ 180 கிலோமீட்டர், தள்ளிக் கடலில் செல்வோருக்கும் தெரியுமாம். அளவு சற்று மிகைதான். ஆனால் தெய்வம் இருந்தது குன்றின் மேல். பொந்தோஸ் என்ற கடலில் இருந்தவர்கள் மாலுமிகள்.